களைக்கொல்லியும் களையின் பரம்பரையும்

(பெங்களூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வேளாண்மை விஞ்ஞானத்தைப் பற்றி ஆண்டுதோறும் தமிழில் ஒரு சொற்பொழிவு நிகழவேண்டும் என்று நிதி வைத்துச் சென்ற பெருந்தகையின் உள்ளக்கருத்து, ஆராய்ச்சியாளர் தமக்குள் பேசிக்கொள்ளும் செய்திகள் வயலில் நின்று உழைப்பவர்க்கும் அவர் விளைவித்ததை உண்பவர்க்கும் எட்டவேண்டும் என்பதே என்று நான் கருதுகிறேன். அக்கருத்துக்கு இசைந்த பொருளாக, படித்தவர்களில் பலர் ஒரு பொருட்டாகவே எண்ணாத களைகளை இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். களைகளை அழிக்க வந்த மருந்துகள் ஒவ்வொன்றாக வலிமை குன்றிவருவதை உலகெங்கும் உழவர்கள் கண்டுவருகிறார்கள். 270க்கு மேற்பட்ட களை இனங்கள் ஏதேனும் ஒரு மருந்தையேனும் தாங்கி நிற்கும் ஆற்றலைப் பெற்றுவிட்டதாகச் சர்வதேசப் பதிவேடு கூறுகிறது. களையினத்துக்குள் இயல்பாகவே அமைந்திருக்கும் பரம்பரை வேற்றுமையும், நம் சாகுபடியில் நாமாக வரவழைத்துக்கொண்ட ஏகரூபமும் எதிர்ப்பட்டதன் பலனே இது என்பதும், ஆகவே புதிய மருந்தைத் தேடுவதைக் காட்டிலும் சாகுபடியில் வேற்றுமையை மீட்பதே உண்மையான பரிகாரம் என்பதும் நான் இங்கே நிலைநாட்ட விரும்பும் கருத்து.

கேழ்வரகும் அதன் சுற்றமும்

இன்று மாடங்களும் தொழிற்கூடங்களும் நிறைந்து விளங்கும் இந்தப் பெங்களூர், சில தலைமுறைகளுக்கு முன்வரை கேழ்வரகு வயல்களால் சூழப்பட்ட ஊராகவே இருந்தது. இப்போதும் ஆனேக்கல், கனகபுரம், மாகடி, தொட்டபள்ளாப்பூர்ப் பக்கங்களிலும், எல்லைக்கு அப்பால் ஓசூர், தேன்கனிக்கோட்டை வட்டாரங்களிலும், மழையை நம்பிய செம்மண்ணில் முதன்மையாக நிற்கும் தானியம் அதுவே. இந்தியாவில் விளையும் கேழ்வரகில் பாதிக்கு மேற்பட்டது கர்நாடகத்தில்தான் விளைகிறது. ஆப்பிரிக்காவின் கிழக்கு மேட்டுநிலங்களில் மனிதன் பழக்கியெடுத்த இத்தானியம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டுக்கு வந்து, இங்குள்ள மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ப எண்ணற்ற வகைகளாகப் பிரிந்து நிலைபெற்றது.

அந்த வேற்றுமையின் மதிப்பை நன்குணர்ந்தவர், 'ராகி பிரம்மா' என்று கன்னட உழவர்கள் போற்றும் இலட்சுமணய்யா. மாண்டியாவில் விசுவேசுவரய்யா கால்வாய்ப் பண்ணையில் அமர்ந்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவு சிறிய பூக்களையுடையதும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதுமாகிய கேழ்வரகில், இந்திய வகைகளையும் ஆப்பிரிக்க வகைகளையும் கலப்புச் செய்து, இரு நிலப்பகுதிகளின் பெயரையும் சேர்த்து 'இந்தாஃப்' என்னும் வரிசையை அவர் உருவாக்கித் தந்தபோது, ஏழையின் தானியம் என்று ஒதுக்கப்பட்டிருந்த பயிரின் விளைச்சல் வெகுவாக உயர்ந்தது. ஒரே இனத்துக்குள் பரவிக்கிடக்கும் வேற்றுமைதான் அவ்வினத்தின் செல்வம் என்னும் உண்மையை அவருடைய வாழ்நாள் உழைப்பு பிரத்தியட்சமாக்கிக் காட்டியது.

ஆனால் அந்தச் செல்வம் பயிருக்கு மட்டும் உரியதன்று. கேழ்வரகின் உயிரணுவில் 36 குரோமோசோம்கள் உள்ளன; இரு வேறு புல்லினங்கள் தொல்காலத்தில் கலந்ததால் அமைந்த தொகை அது. அவ்விரண்டில் ஒன்று, 18 குரோமோசோம்களையுடைய எலியூசைன் இண்டிகா என்று தாவர நூலார் பெயரிட்ட புல் என்பதைச் செல்லியலும் மரபணு ஆராய்ச்சியும் உறுதிப்படுத்தியிருக்கின்றன. காட்டுக் கேழ்வரகு என்று நான் இங்கே குறிப்பிடப்போகும் அப்புல், சாலையோரத்திலும் களத்துமேட்டிலும் மட்டுமன்றி, கேழ்வரகுச் சாலுக்குள்ளேயே களையாகவும் முளைக்கிறது. தாய்வழி முன்னோரின் இனமே தன் வழித்தோன்றலுக்குப் பகையாக வந்து நிற்பது வேளாண்மையில் அபூர்வமான காட்சியன்று; சுற்றம் நெருங்க நெருங்க இனங்காண்பது அரிதாகும் என்பதுதான் அதிலுள்ள சங்கடம்.

விதைத்து மூன்று வாரமான வயலில் களையெடுக்கும் பெண்ணைச் சற்று அருகிருந்து பாருங்கள். இரண்டு நாற்றுக்கும் நிறம் ஒன்று. இலையின் நீளமும் மடிப்பும் ஏறக்குறைய ஒன்று. அவள் இலையைப் பார்ப்பதில்லை. தூரின் அடியை இரு விரலால் தொடுகிறாள். அடித்தண்டு தட்டையாக நசுங்கினாற்போல் இருந்து, வேருக்கு மேல் வெள்ளிநிறம் ஓடியிருந்தால் பிடுங்கி எறிகிறாள். பச்சையாகவும் சற்றே உருண்டும் இருந்தால் விட்டுவிடுகிறாள். எந்தக் கல்லூரியிலும் பட்டம் பெறாத அந்தத் தாவர ஞானம், இடுப்பொடிய நாள் முழுதும் குனிந்து நிற்கும் உழைப்போடு சேர்ந்தே அவளுக்கு வாய்த்தது. அவளுடைய கண்ணுக்கும் விரலுக்கும் தப்பிய புல் மட்டும் கதிர்விட்டு, ஒரு தூரிலிருந்து பல்லாயிரம் விதைகளை மண்ணில் உதிர்க்கிறது.

கையால் களையெடுப்பதும், நுணுகி நோக்கினால், ஒருவகைத் தேர்வுதான். நெல்வயலில் குதிரைவாலிப் புல் நாளடைவில் நெல்நாற்றைப் போலவே நிமிர்ந்து வளரும் வடிவத்தைப் பெற்றது, நூற்றாண்டுக் கணக்கில் அதனைப் பிடுங்கிய கைகளின் விளைவே என்று அறிஞர் கண்டிருக்கிறார்கள்; படர்ந்து வளர்ந்தவை பிடுங்கப்பட்டன, நெல்லைப் போலத் தோன்றியவை தப்பின. எந்த முறையையும் ஏமாற்றக்கூடிய வேற்றுமை களைக்குள் இருக்கிறது என்பதும், ஆனால் கைக்களையெடுப்புக்கு நூற்றாண்டுகள் பிடித்த மாறுதல் மருந்துக்குச் சில ஆண்டுகளிலேயே நேர்ந்துவிடுகிறது என்பதும் நாம் ஒருங்கே நினைவில் கொள்ளவேண்டியவை.

தெலுக் இந்தான் காட்டிய பாடம்

காட்டுக் கேழ்வரகின் ஆற்றலை உலகம் உணர்ந்துகொண்ட இடம், தமிழர் பல தலைமுறையாக வியர்வை சிந்திய மலாயாத் தோட்டநாடு. செம்பனைத் தோட்டங்களிலும் பழத்தோட்டங்களிலும் மரத்தடியைத் துப்புரவாக வைக்க ஆண்டுக்குப் பலமுறை மருந்தடிப்பது அங்கே வழக்கம். மலேசியாவில் அப்புல் 1990இல் பாராக்வாட் என்னும் மருந்தைத் தாங்குவது தெரியவந்தது. 1997இல், பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தான் பகுதியில், கிளைபோசேட்டையும் தாங்கியது. 2009இல் குளுஃபோசினேட்டும் அதன்முன் பலிக்காமற் போயிற்று.

இவற்றுள் கிளைபோசேட்டின் கதை விரிவாகச் சொல்லத்தக்கது. 1970இல் அதன் களைகொல்லும் தன்மை கண்டறியப்பட்டு, 1974இல் விற்பனைக்கு வந்த இம்மருந்து, தாவரங்கள் சில அத்தியாவசியமான அமினோ அமிலங்களை ஆக்கிக்கொள்ளப் பயன்படும் ஒரு நொதியின்மேல் போய்த் தங்கி, அதன் தொழிலை நிறுத்திவிடுகிறது. அந்த நொதி இல்லாமல் எந்தப் பச்சைத் தாவரமும் பிழைப்பதற்கில்லை. மருந்துக்கு இடங்கொடாதபடி அதை மாற்றினால் தன் தொழிலையும் அது இழந்துவிடும். ஆகவே கிளைபோசேட்டை எதிர்க்கும் களை இயற்கையில் தோன்றுவது மிகவும் அரிது என்று 1990களில்கூடப் பெரிய விஞ்ஞானிகள் அபிப்பிராயம் கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் ரைகிராஸ் புல்லும் மலேசியாவின் காட்டுக் கேழ்வரகும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அந்த அபிப்பிராயத்தைப் பொய்யாக்கின.

தெலுக் இந்தான் புல்லை ஆராய்ந்தபோது, அந்த நொதியின் 106ஆம் இடத்தில் புரோலின் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதிலாகச் செரின் என்னும் அமினோ அமிலம் அமர்ந்திருப்பது தெரிந்தது. ஓர் எழுத்து மாறியதால் மருந்தின் பிடி சற்றே தளர்ந்து, சாதாரண அளவைக் காட்டிலும் சிலமடங்கு தாங்கும் ஆற்றல் வந்தது. அதோடு நின்றிருந்தால் பெரிதாகச் சொல்வதற்கில்லை. 2015இல் மலேசியப் புல்லிலேயே இரண்டாவது மாறுதல் ஒன்று வெளிப்பட்டது. 102ஆம் இடத்திலிருந்த திரியோனின் ஐசோலூசினாக மாற, இரண்டு மாறுதல்களும் ஒரே மரபணுவில் கூடிய செடி, சாதாரணச் செடியைக் காட்டிலும் 180 மடங்குக்கு மேல் மருந்தைத் தாங்கிற்று. இந்த இரட்டை மாறுதலையேதான், களைக்கொல்லியைத் தாங்கும் மக்காச்சோளத்தைச் சிருஷ்டிப்பதற்காக, ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானிகள் வெகு பிரயாசைப்பட்டு வடிவமைத்து, 1990களின் இறுதியில் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொணர்ந்திருந்தார்கள். பெருநிறுவனம் ஒன்று பொருளும் அறிவும் செலவிட்டுக் கண்ட உபாயத்தை, காலடியில் மிதிபடும் ஒரு புல், செம்பனை நிழலில் தானாகவே கண்டுகொண்டது!

எனினும் அந்தப் புல்லின் வெற்றிக்கு ஒரு விலை உண்டு. தந்தைவழியும் தாய்வழியும் இரட்டை மாறுதலைப் பெற்ற செடி, மருந்தில்லாத நிலத்தில் மெலிந்து வளர்ந்து குறைவாகவே விதைக்கிறது என்றும் சோதனைகள் காட்டின. எல்லா எதிர்ப்பு மரபணுக்களுக்கும் இப்படி விலை இருப்பதில்லை. பல மரபணுக்கள் எந்தச் சிரமமும் தராமல் தலைமுறைகள் தோறும் தங்கியிருக்கும். ஆனால் விலை உள்ள இடத்தில், மருந்தை நிறுத்திவைப்பதே அவ்வினத்தின் வலிமையைக் குறைக்கும் சாதனமாகும் என்பது நமக்கு ஆறுதலான செய்தி.

மருந்துக்கு முன்பே இருந்த மாறுதல்

மருந்து அடித்து அடித்துப் பழகியதால் களைக்குத் தாங்கும் சக்தி வந்துவிட்டது என்று உழவர்கள் மட்டுமன்றிக் கற்றவர்களும் சொல்லக் கேட்கிறோம். உடற்பயிற்சியால் ஒருவன் வலுவடைவதைப் போன்று களை வலுவடைவதில்லை. மருந்து எதையும் புதிதாக உண்டாக்குவதில்லை. கூட்டத்துக்குள் முன்பே ஒளிந்திருந்த அபூர்வமான சில செடிகளை மட்டும் விட்டுவைத்து, மற்றவற்றை நாசம் செய்து, நிலம் முழுவதையும் அந்தச் சிலவற்றின் சந்ததிக்கு வழங்கிவிடுகிறது. இதற்கு மறுக்கவொண்ணாத சாட்சி பிரான்சு நாட்டில் கிடைத்தது. அங்குள்ள கோதுமை வயல்களின் கொடிய களையாகிய ஒரு புல்லின் பழைய மாதிரிகள், தாவரச் சேகரங்களில் உலர்த்தித் தாளில் ஒட்டி வைக்கப்பட்டவை, நூற்றுக்கணக்கில் சோதிக்கப்பட்டன. 1888இல் பறித்த ஒரு மாதிரியில், இன்றைய புல்கொல்லி மருந்துகள் சிலவற்றை எதிர்க்கும் அதே மரபணு மாறுதல் இருந்ததாக 2013இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டார்கள். அந்த மருந்துகள் கடைக்கு வருவதற்கு ஏறத்தாழ நூறாண்டுக்கு முன்பே அவற்றைத் தாங்கும் செடி ஒன்று வயலோரத்தில் நின்றுகொண்டிருந்தது!

அளவையும் எண்ணிப் பாருங்கள். பத்து இலட்சம் செடிகளில் ஒன்றுக்கு இத்தகைய மாறுதல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு நூறு களை முளைத்த வயல் நம் நாட்டில் அதிசயமன்று. அப்படியானால் ஒரு ஹெக்டேரில் மட்டும் பத்து இலட்சம் களைச் செடிகள் உள்ளன. உழவரின் ஒவ்வொரு வயலிலும் அந்த ஒன்று இருக்கக்கூடும் என்பதே இதன் பொருள். ஒரே மருந்தை இரண்டாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் அடிக்க, அந்த ஒன்று நூறாகி, நூறு பதினாயிரமாகி, பின் வயலே அதுவாகிறது. இவ்வாறு நேரும் என்பதை 1956ஆம் ஆண்டிலேயே ஆங்கில நாட்டுத் தாவர விஞ்ஞானி ஜான் ஹார்ப்பர் எச்சரித்திருந்தார். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், 1958 முதல் ஒரே வகை மருந்தை ஆண்டுதோறும் தெளித்துவந்த ஒரு நாற்றுப்பண்ணையில், மருந்துக்கு மசியாத களைச்செடி பத்தாண்டுக்குள் வெளிப்பட்டு, 1970இல் அச்சேறியபோது அந்த எச்சரிக்கை மெய்யாயிற்று.

களை தப்பிக்கும் வழிகளும் ஒன்றல்ல, பல. மருந்து போய்த் தங்கும் இடத்தை மாற்றிக்கொள்வது ஒரு வழி. காட்டுக் கேழ்வரகு செய்தது அது. உள்ளே புகுந்த மருந்தைத் தன் நொதிகளால் சிதைத்து விஷமற்றதாக்குவது மற்றொரு வழி. இலங்கையின் நெல்வயல்களில் 1997இல் புரோபனில் என்னும் மருந்தைத் தாங்கும் குதிரைவாலிப் புல் வெளிப்பட்டது. அம்மருந்தைச் சிதைக்கும் ஆற்றல் நெற்பயிருக்கு இயல்பாக இருப்பதாலேயே நெல் பிழைத்துக் களை மட்டும் மடிந்துவந்தது. பல நாடுகளில் புரோபனிலைத் தாங்கிய குதிரைவாலியை ஆராய்ந்தபோது, அதே ஆற்றலைக் களையும் பெருக்கிக்கொண்டது தெரிந்தது. மூன்றாவது வழி யாவற்றிலும் வியப்பானது. நம் முள்ளிக்கீரைக்கும் குப்பைக்கீரைக்கும் உறவான ஓர் அமெரிக்கக் கீரையினம், ஜார்ஜியா மாநிலத்துப் பருத்தி வயல்களில், கிளைபோசேட் தாக்கும் நொதியின் மரபணுவை ஒன்றுக்குப் பதிலாக 5 முதல் 160க்கு மேற்பட்ட பிரதிகளாகப் பெருக்கிக்கொண்டது. மருந்து சில நொதிகளைப் பிடித்தாலும் மிச்சமிருப்பவை செடியைக் காத்துவிடுகின்றன என்று 2010இல் வெளியான ஆராய்ச்சி விளக்கிற்று.

மண்டூசியின் எழுச்சி

நம் நாட்டில் இந்தப் பாடம் மிகக் கடுமையாகக் கற்பிக்கப்பட்ட இடம் ஹரியாணாவும் பஞ்சாபும். பசுமைப் புரட்சிக்குப் பின் அங்கே கோடையில் நெல்லும் குளிரில் கோதுமையும் ஆண்டு தவறாமல் மாறிமாறி வர, அந்த ஈரமும் உழவும் மண்டூசி என்றும் குல்லி டண்டா என்றும் அங்குள்ளவர்கள் அழைக்கும் ஒரு புல்லுக்கு மிகவும் உவப்பாக அமைந்தன. இளமையில் கோதுமை நாற்றிலிருந்து பிரித்தறிய முடியாத அக்களைக்கு எதிராக ஐசோபுரோட்டூரான் என்னும் மருந்து 1970களின் இறுதியிலிருந்து சஞ்சீவியாகக் கிடைத்தது; விலை மலிவு, அடிப்பது சுலபம். பத்துப் பதினைந்து ஆண்டுகள் எல்லாரும் அதையே அடித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் மருந்து பலிக்கவில்லை என்று உழவர்கள் முறையிட்டபோது, போலி மருந்தென்றும் தெளிக்கத் தெரியவில்லை என்றும் பலர் நினைத்திருக்க, ஹிசார் வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாலிக், சமுந்தர் சிங் ஆகியோர் அது மருந்தெதிர்ப்பே என்று நிறுவினார்கள். சதுர மீட்டருக்கு 2,000, 3,000 என்று களை முளைத்த வயல்களில், விளையாத கோதுமையையே மாட்டுத் தீவனத்துக்காக அறுத்த உழவர்களும் உண்டு.

அங்கே இரண்டு செய்திகளை நாம் கவனிக்கவேண்டும். நெல்லும் கோதுமையும் மட்டுமே விளைந்த நிலங்களில் எதிர்ப்பு மிகுதியாகவும், கரும்பு, சூரியகாந்தி, பர்சீம் தீவனப்பயிர் போன்றவை இடையிட்டு வந்த நிலங்களில் குறைவாகவும் காணப்பட்டது என்பது முதற்செய்தி. சிபாரிசு செய்த அளவைக் குறைத்தும், ஒழுங்கற்ற தெளிப்பானால் ஓரிடம் நனைந்தும் ஓரிடம் நனையாமலும் அடித்தது எதிர்ப்பை விரைவுபடுத்தியது என்பது இரண்டாம் செய்தி. நம் பக்கத்திலும் மருந்தடிப்பவரைப் பார்த்திருக்கிறோம். சீசாவின் மூடியே அளவு, ஒரு டேங்குக்கு இரண்டு மூடி. விலை ஏறினால் ஒன்றரை மூடி. குறைந்த அளவு மருந்து, பெரிய மாறுதல் ஒன்றையுடைய செடியை மட்டுமன்றி, சிறுசிறு ஆற்றல்கள் பலவற்றையுடைய செடிகளையும் தப்பவிடுகிறது. அவை ஒன்றோடொன்று மகரந்தம் கலந்து, சிற்றாற்றல்கள் ஒரே சந்ததியில் திரண்டுவிடுகின்றன. ஆஸ்திரேலிய ரைகிராசில் இவ்வாறு சில தலைமுறைகளிலேயே எதிர்ப்பைத் திரட்டிக்காட்டினார்கள்.

1997ஐ ஒட்டி மண்டூசிக்கு வேறு சில மருந்துகள் சிபாரிசாயின. பத்தாண்டு செல்லுமுன் அவற்றையும் அது பலவிடங்களில் வென்றது. அந்நாளில் உழவர்க்குக் கைகொடுத்தது மருந்தைக் காட்டிலும் உழாமல் விதைக்கும் முறையே. நெல்லறுத்த நிலத்தைக் கிளறாமல் கோதுமையை முன்கூட்டியே விதைத்தபோது, மண்ணுக்குள் கிடந்த களைவிதைகள் முன்போல் எழவில்லை, செலவும் குறைந்தது. மருந்தை மட்டும் மாற்றியபோது தோற்ற உழவர், சாகுபடி முறையை மாற்றியபோது ஓரளவு நிமிர்ந்தார்.

பெங்களூர் செய்த ஒரு பரீட்சை

வேறு வழி தேடியதில் இந்த நகரத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. பார்த்தீனியம் என்னும் அமெரிக்கச் செடி 1950களில் பூனாவில் கண்ணிற்பட்டு, பின்னர் தக்காணமெங்கும் பரவி, பெங்களூரின் காலிமனைகளையும் சாலையோரங்களையும் மூடி, எத்தனையோ பேருக்குத் தோல் நோயையும் மூச்சுத் தொல்லையையும் தந்தது. 'காங்கிரஸ் கிட' என்று கன்னடத்தில் அதைச் சொல்லாதவர் இல்லை. மருந்தடித்து ஒரு நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் துப்புரவாக்க இயலாது என்று கண்டபின், ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் 1983இல் மெக்சிகோவிலிருந்து ஒரு சிறுவண்டைத் தருவித்து, அது வேறு பயிரை உண்ணாது என்று சோதித்து, 1984இல் பெங்களூரில் வெளியே விட்டார்கள். ஜயந்த் என்னும் பூச்சியியலார் அப்பணியில் முன்னின்றார். நான்கு ஆண்டுகள் அவ்வண்டால் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. 1988இல் அது பெருகிப் பார்த்தீனியத்தைத் தழையின்றி மொட்டையடித்தது. சூரியகாந்தியையும் கடிக்கிறது என்ற புகார் பின்னர் எழுந்து விசாரணையும் நடந்தது. வண்டு அச்செடியை ஒழிக்கவில்லை. மழைக்காலத்தில் அதன் வீரியத்தைக் குறைத்து வருகிறது. இதற்கிடையில் 2004இல் கொலம்பியா நாட்டில் கிளைபோசேட்டைத் தாங்கும் பார்த்தீனியம் தோன்றிவிட்டதைக் கருதினால், மருந்தொன்றையே நம்பியிராத ஹெசரகட்டாவின் தீர்க்கதரிசனம் விளங்கும்.

இதே கண்ணோட்டத்தோடு நெல்லையும் ஒருமுறை நோக்கவேண்டும். கோவைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கண்டெடுத்த ஒரு நெல் விகாரத்திலிருந்து, இமாசெதாபிர் என்னும் களைக்கொல்லியைத் தாங்கும் மரபணுவைப் பெற்று, புதுடில்லி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 2021இல் இரண்டு பாஸ்மதி ரகங்களை வெளியிட்டது. நாற்றுநடவுக்குத் தண்ணீரும் ஆளும் இல்லாத இடத்தில் நேரடி விதைப்புக்கு இவை உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வயலில் முளைக்கும் களைநெல் வேறு இனமன்று, அதுவும் நெல்லே. 2002 முதல் இத்தகைய ரகங்களைப் பயிரிட்ட அமெரிக்காவில், சில ஆண்டுகளுக்குள் பயிரின் மகரந்தத்தாலேயே களைநெல்லும் அந்த மரபணுவைப் பெற்றுவிட்டது. ஆகவே இந்த ரகங்களை ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் தொடர்வது, வாங்கிய ஆயுதத்தை நம் கையாலேயே பகைவனிடம் ஒப்படைப்பதாக முடியும்.

பொதுச்சொத்தைக் காக்கும் வழி

இவ்வளவும் கேட்டபின், மருந்தை அறவே விலக்கிவிடலாமே என்று சிலர் எண்ணலாம். அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேழ்வரகு வயலில் குனிந்து நின்ற பெண்களின் மகள்கள் இன்று ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்கு பஸ் ஏறிப் போகிறார்கள். அந்த விடுதலையை அவர்களுக்கு மறுக்க யாருக்கும் உரிமையில்லை. ஆள் கிடைக்காத உழவர் மருந்துக்கடைக்குப் போவதைச் சோம்பலென்று பழிப்பது அநியாயம். மருந்து நமக்கு வேண்டும்; வேண்டும் என்பதாலேயே அதன் பலனை அழியாமல் வைத்திருக்க வேண்டும்.

களை மருந்துக்கு மசியும் தன்மை, நம் பழைய மைசூர்ச் சீமையின் ஏரித்தண்ணீரைப் போல, ஊருக்குப் பொதுவான சொத்து. ஒருவர் தம் வயலில் அதனை வீணாக்கினால், அறுவடை இயந்திரத்தின் இடுக்கில் ஒட்டிய விதையாகவும், கால்வாய் நீரில் மிதந்த விதையாகவும், காற்றிற் கலந்த மகரந்தமாகவும் எதிர்ப்பு அடுத்தவர் வயலுக்குப் போகிறது. ஏரிக்கு முறையும் முறைகாரரும் இருந்தது போல இதற்கும் ஓர் ஏற்பாடு தேவை. நான்கு காரியங்களை இந்த அவையின் முன் வைக்கிறேன்.

முதலாவது, மருந்துச் சீசாவின்மேல் விஷத்தின் கடுமையைக் காட்டும் வண்ணச் சதுரம் இருப்பதைப் போல, அம்மருந்து களையை எவ்வகையில் கொல்லுகிறது என்பதைக் காட்டும் தொகுதிக் குறியும் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் இருக்கவேண்டும். ஆஸ்திரேலியாவில் இது விதியாகவே உள்ளது. பெயர் வேறான இரண்டு மருந்துகள் ஒரே வகையில் கொல்பவையாக இருக்கும்போது, மாற்றியடித்தோம் என்று உழவர் நினைப்பது வீண் பிரமையாகிறது. இரண்டாவது, பயிர்களின் நாட்டுவகைகளைச் சேகரித்துக் காப்பது போல, களைகளின் விதையையும் வட்டந்தோறும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரட்டி, நம் வேளாண் பல்கலைக்கழகங்கள் மருந்தெதிர்ப்புச் சோதனை நடத்தவேண்டும். வயல் முழுதும் களையான பின் காரணம் தேடுவதில் பயனில்லை. மூன்றாவது, நின்றபடியே தள்ளக்கூடிய இலகுவான களைக்கருவிகளை ஆக்குவதிலும், அவை பெண்களின் கைக்கும் உயரத்துக்கும் ஏற்றவையாக அமைவதிலும், மருந்தாராய்ச்சிக்குச் செலுத்தும் அக்கறையில் பாதியேனும் செலுத்தவேண்டும்.

நான்காவது யாவற்றிலும் பெரிது. கேழ்வரகு வயலில் சில சாலுக்கு ஒருமுறை அவரையும் துவரையும் கடுகும் எள்ளும் இட்டு, 'அக்கடி' என்று கன்னட உழவர்கள் பெயரிட்ட கலப்புச் சாகுபடி இந்த மண்ணின் சம்பிரதாயம். பயிர் நின்ற வரிசைகளுக்கிடையே மாட்டைப் பூட்டிக் குண்டெ என்னும் கருவியை ஓட்டி, அதன் இரும்பலகால் களையின் வேரைச் சீவியபின், எஞ்சியதைக் கையால் எடுப்பார்கள். அடுத்த பருவத்தில் கொள்ளோ நிலக்கடலையோ வரும். களைக்கு ஓர் ஆண்டு உகந்தது மறு ஆண்டு உகந்ததாக இராது. இரும்புக்குத் தப்பியது நிழலுக்குத் தப்பாது. நிழலுக்குத் தப்பியது கைக்குத் தப்பாது. எந்த ஒரு களையும் எல்லா ஆபத்துகளுக்கும் ஒருங்கே தயாராக இருப்பது அரிது என்னும் மரபியல் தத்துவத்தை, அந்தப் பெயரை அறியாமலே, நம் முன்னோர் கையாண்டார்கள். பழமை முழுவதையும் மீட்கவேண்டும் என்பது என் கருத்தன்று. பயிர்ச் சுழற்சியையும், கலப்பையும், உழவைக் குறைப்பதையும், கருவியையும், மருந்தையும் ஒன்றுவிட்டு ஒன்றாக இடமறிந்து கையாளும் திட்டத்தை ஒவ்வொரு வட்டத்துக்கும் வகுத்துத் தருவது இன்றைய விஞ்ஞானத்துக்கு இயலாத காரியமன்று. பல பயிர் விதைக்கும் உழவருக்கு விலையுறுதியும் கிடைக்கவேண்டும். ஒரே பயிருக்கு மட்டும் சந்தையைத் திறந்துவைத்துவிட்டு, அந்த ஒன்றையே அவர் விதைக்கிறார் என்று குறைகூறுவது முறையாகாது.

மாணவர்களே, இலட்சுமணய்யாவின் வெற்றிக்கும் தெலுக் இந்தான் புல்லின் வெற்றிக்கும் அடிப்படையான பிரகிருதி விதி ஒன்றே. ஓரினத்துக்குள் வேற்றுமை எவ்வளவு உண்டோ, மாறும் காலத்தை எதிர்கொள்ளும் வலிமையும் அவ்வளவு உண்டு. களை அந்த விதியை ஒருபோதும் மறந்ததில்லை. வயலை ஒரே பயிராக்கி, பயிரை ஒரே ரகமாக்கி, கருவியை ஒரே சீசாவாக்கி, மறந்தவர்கள் நாமே. களைகளைப் பயில்வது தாழ்ந்த துறை என்று எண்ணாமல், உங்களில் சிலராவது அதற்கென வாழ்நாளை ஒதுக்கி, வயலுக்குச் சென்று, களையெடுக்கும் பெண்ணின் விரலறிவையும் ஆய்வுக்கூடத்தின் மரபணு அறிவையும் ஒருங்கே கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த அறக்கட்டளையின் நிதியில் ஒரு பகுதியை அத்தகைய மாணவர் ஒருவருக்கு ஆண்டுதோறும் உதவித்தொகையாக வழங்குவது பற்றி நிர்வாகிகள் ஆலோசிக்கவேண்டும் என்ற வேண்டுகோளையும் வைக்கிறேன்.